கண்டதை ஆடுவதா? கருதி ஆடுவதா?

விளையாட்டு வினையாகும் என்பது நம் முன்னோர் விட்டுச் சென்ற எச்சரிக்கை. எனினும் விளையாட்டிலிருந்து வாழ்க்கையின் வினைகளைக் கற்றுக்கொள்ளலாம் என்பதும் உண்மையே. இருவர் எதிரெதிரே அமர்ந்து அறிவால் மோதும் ஆட்டங்கள் பழங்காலந்தொட்டே ஒரு கேள்வியை எழுப்பி வந்திருக்கின்றன. பிறர் ஆடி வென்ற வழியை அப்படியே மேற்கொள்வது அறிவுடைமையா? அன்றித் தானே ஒரு வழியை எண்ணி, ஆடிப் பார்த்து, தோற்றுத் திருத்தித் தெளிவது அறிவுடைமையா? இக்கேள்வி ஆட்டக்காரரோடு நின்றுவிடுவதன்று. பிறந்த மண்ணை விட்டு வந்து ஆனைக்கரை போன்ற எல்லைப்புற ஊர்களில் வேரூன்றியுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இது வாழ்க்கைக் கேள்வியுமாகும்.

நம் திண்ணைகளில் ஆடப்பட்ட ஆடு புலி ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவர் கையில் 3 புலிகள். மற்றவர் கையில் 15 ஆடுகள். புலி தாவி வெட்டும். ஆடு கூடி மறிக்கும். ஒரே கட்டத்தில் ஆடினும் இருவர் வலிமையும் வேறு. ஆதலின் இருவர் வழியும் வேறு. புலி ஆடி வென்றவரின் துணிச்சலைக் கண்டு வியந்து, ஆடு ஆடுபவரும் அவ்வாறே பாய முற்பட்டால் மந்தை முழுவதும் இரையாகும். கல்லில் கோடு கிழித்து ஆடிய நம் பாட்டன்மார், 'உன் கையில் இருப்பது எது என்று முதலில் பார்' என்னும் பாடத்தை இவ்வாட்டத்தின் அமைப்பிலேயே வைத்துவிட்டனர்.

திருக்குறளின் அதிகார வைப்பிலும் இதே நுட்பம் உண்டு. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. பிறரைப் பார்த்து ஒரு செயலைப் படியெடுக்கிறவன், செயலை மட்டுமே பெறுகிறான். அச்செயலை வெற்றியாக்கிய வலிமையும் காலமும் இடமும் அவனோடு வருவதில்லை.

அவ்வாறாயின் பிறர் வழியைக் கற்பதே குற்றமா என்று கேட்கலாம். குற்றமன்று. சதுரங்கத்தின் தொடக்க நகர்த்தல்கள் எவருக்கும் தனியுடைமை அல்ல. அவற்றைப் பயன்படுத்துவது களவும் ஆகாது. நம் நாட்டில் நெடுங்காலம் சதுரங்கம் வட்டார விதிகளோடு ஆடப்பட்டு வந்தது. அரசன் ஒருமுறை மட்டும் குதிரையைப் போல் தாவலாம் என்பது அவ்விதிகளுள் ஒன்று. 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்ற மானுவேல் ஆரோன், உலகப் பொது விதிகளையும் ஆட்ட நூல்களையும் பயிலுமாறு இளைஞரைத் தூண்டினார். 1972இல் சென்னைச் சோவியத் பண்பாட்டு மையத்தில் அவர் தோற்றுவித்த டால் சதுரங்கக் கழகத்தில்தான் சிறுவன் விசுவநாதன் ஆனந்த் ஆடிப் பழகினார். பிறர் கண்ட உண்மையைக் கல்லாமல் 'எல்லாம் என் சொந்த வழி' என்று மார்தட்டுவது புதுமை அன்று, அறியாமையே.

ஆனால் கற்றதோடு நின்றவர் எவரும் முடி சூடியதில்லை. 2008ஆம் ஆண்டு ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக்கை எதிர்த்து உலகப் பட்டத்துக்காக ஆனந்த் ஆடியது இதற்குச் சிறந்த சான்று. அரசனுக்கு முன்னுள்ள சிப்பாயை நகர்த்தித் தொடங்குவதே அதுவரை ஆனந்தின் பெருவழக்கம். அப்போட்டியில் அவர் ராணிக்கு முன்னுள்ள சிப்பாயைக் கையில் எடுத்தார். அதுவோ கிராம்னிக் கரைகண்ட துறை! எதிரியின் வீட்டு முற்றத்திலேயே போர் தொடுத்ததற்கு ஒப்பான துணிவு அது. 3ஆம், 5ஆம் ஆட்டங்களில் கறுப்புக் காய்களோடு ஆடியும், தாமும் தம் துணைவர் குழுவும் ஆராய்ந்து கண்ட புது நகர்த்தல்களால் அவர் வென்றார். முடிவில் 6.5க்கு 4.5 என்னும் கணக்கில் பட்டம் அவருடையதாயிற்று. பலமுறை வெற்றி தந்த தம் பழைய ஆட்டத்தையே அவர் படியெடுக்க மறுத்தார் என்பது இங்கே கருதத்தக்கது. பிறரைப் போல் ஆடுவது மட்டும் நகல் அன்று. நேற்றைய தன்னைப் போலவே இன்றும் ஆடுவதும் ஒருவகை நகலே.

இன்று நகலெடுத்தல் முன்னெப்போதையும்விட எளிது. கைப்பேசியைத் தொட்ட அளவில் சிறந்த நகர்த்தலைக் கணினிப் பொறி சொல்லிவிடும். சதுரங்கம் மட்டுமன்று, நம் இளைஞர்கள் திரையில் ஆடும் போர் ஆட்டங்களிலும் வென்றவர் காட்டும் வழியே வேதமாகிறது. இச்சூழலில், 2024ஆம் ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரேனை வென்று 18ஆம் வயதில் உலகச் சாம்பியனான குகேஷ், இளமைப் பயிற்சிக் காலத்தில் கணினிப் பொறியை நாடாமல் தாமே எண்ணிப் பழகியவர் என்பதைப் பெற்றோர் மனத்தில் கொள்ள வேண்டும். விடையை முதலில் கண்டுவிட்டவன் வினாவோடு போராடுவதில்லை. போராடாத அறிவு, எதிராளி எதிர்பாராத ஒரு காயை நகர்த்திய மறுகணமே கையறு நிலை அடைகிறது.

பொறிகளே இவ்வுண்மைக்குச் சான்று பகர்ந்தன என்பது வியப்பு. கோ என்னும் கீழ்த்திசை ஆட்டத்தில், மனிதர் ஆடிய ஆட்டங்களைக் கற்றுத் தொடங்கிய ஆல்ஃபாகோ 2016இல் லீ சேடோலை 4க்கு 1 என வென்றது. அடுத்த ஆண்டு, விதிகளை மட்டும் அறிந்து, தன்னோடு தானே ஆடிக் கற்ற ஆல்ஃபாகோ ஜீரோ, லீ சேடோலை வென்ற பொறியை 100 ஆட்டங்களிலும் வீழ்த்தியது! ஆயினும் இதைக் கண்டு மயங்கிவிடலாகாது. அப்பொறி 3 நாளில் ஏறத்தாழ 49 லட்சம் ஆட்டங்களைத் தன்னோடு ஆடியது. அத்தனை முறை தோற்றுக் கற்க மனிதனுக்கு ஆயுள் இல்லை. ஆகவே பிறர் அனுபவத்தைக் கடனாகப் பெற வேண்டியவர்களாகவே நாம் இருக்கிறோம். அக்கடனைச் சொந்த முதலாக மாற்றுவதே நம் கடமை.

மைய அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்கு முன்னுதாரணத்தின் அருமை தெரியும். பழைய கோப்பைப் புரட்டி, முன்பு எவ்வாறு முடிவு செய்யப்பட்டதோ அவ்வாறே குறிப்பு எழுதுவது எங்கள் வழக்கம். அதில் நீதி உண்டு. ஒரே நிலையில் உள்ள இருவரை அரசு இருவேறு வகையாக நடத்தக் கூடாது அன்றோ? ஆனால் கோப்புக்கு எதிராளி இல்லை. போட்டிக்கு எதிராளி உண்டு. அவன் நாம் படித்த புத்தகத்தையே படித்திருக்கிறான். எங்கே முன்மாதிரி அறமாகிறது, எங்கே அது சோம்பலாகிறது என்று பகுத்தறிவதே இவ்விவாதத்தின் சாரம்.

இனி, கடினமான பகுதிக்கு வருவோம். சோதனை செய்பவன் தோற்கக் கடமைப்பட்டவன். தோல்வியின் விலையை யார் கொடுப்பது? ஆட்டத்தில் தோற்றால் காய்களை மீண்டும் அடுக்கலாம். பிழைப்புத் தேடி மலையேறி வந்த குடும்பத்தில் ஒரு தோல்வி, ஓராண்டுப் பள்ளிக் கட்டணமாகவோ தங்கையின் திருமணமாகவோ இருக்கக்கூடும். அதனால்தான் நம்மவர், அடுத்த வீட்டுப் பிள்ளை என்ன படித்தானோ அதையே தம் பிள்ளைக்கும் தேர்ந்தெடுக்கின்றனர். இதைக் கோழைத்தனம் என்று இகழ்வது அறமாகாது. ஏழைக்குத் தோற்கும் உரிமை குறைவு. ஆகவே என் கருத்து இது: தன் பொருளைப் பணயமாக வைத்துச் சோதிக்கலாம், பிறர் சோற்றை அவர் இசைவின்றிப் பணயமாக வைத்துச் சோதிக்கலாகாது. வீட்டிலும் சரி, அணியாகக் கூடி ஆடும் களத்திலும் சரி, இவ்வரம்பு பொருந்தும்.

வரம்புக்குள் நின்று சோதித்து வென்றவர் நம் ஏலமலையிலேயே உண்டு. கட்டப்பனை உழவர் செபாஸ்டியன் ஜோசப், தம் தோட்டத்தில் மிகுதியாகக் காய்த்த செடியைக் கண்டறிந்து பெருக்கி, ஞள்ளானி என்னும் ஏல வகையை உருவாக்கினார். தோட்டம் முழுவதையும் ஒரே நாளில் அவர் பணயம் வைக்கவில்லை. செடிகளைக் கூர்ந்து நோக்கினார். சிறிது சிறிதாகப் பெருக்கினார். இன்று மலையெங்கும் அவ்வகை பயிரிடப்படுகிறது. பலரும் நகலெடுக்கும் ஒன்று, முதலில் எவரோ ஒருவர் நகலெடுக்க மறுத்துத் தேடியதன் விளைவே!

நம் பெற்றோரும் பாட்டன்மாரும் கூட, இருந்த ஊரில் கண்டதையே ஆடிக்கொண்டிருந்தால் இம்மலையில் நமக்கு வீடு இராது. அவர்கள் புது மொழியைக் கேட்டனர். புது மழையைப் பழகினர். தாமே வழி கண்டனர். அத்துணிவின் பயனை நுகரும் நாம், நம் பிள்ளைகளிடம் நகலை மட்டும் கேட்பது முறையா? தோல்வி மலிவாகக் கிடைக்கும் இடம் விளையாட்டுக் களம். அங்கேனும் அவர்கள் தாமே எண்ணி ஆடட்டும். மாலையில் தோற்று வீடு திரும்பும் பிள்ளையிடம் 'ஏன் தோற்றாய்?' என்று கேளாமல், 'என்ன எண்ணி அந்தக் காயை நகர்த்தினாய்?' என்று கேட்போம். அக்கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்த பிள்ளை, எந்த ஊருக்குக் குடிபெயர்ந்தாலும் வாழத் தெரிந்த பிள்ளையாக இருக்கும்.