திராட்சை நாட்டுக்குப் புறப்படுவோருக்கு



கோடை விடுமுறையில் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துவர நம் குடும்பங்கள் சில வண்டி பேசியிருப்பதாகக் கேள்விப்படுகிறோம். நல்லது, போய் வாருங்கள். வழி கேட்க இக்காலத்தில் ஆள் தேவையில்லை. திண்டிவனத்தில் ஏறினால் விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, திருச்சி, திண்டுக்கல், தேனி என்று கைப்பேசியே குரல் கொடுத்துக்கொண்டு வருகிறது. மேனாடுகளில் ரைன், மோசல் முதலிய ஆற்றங்கரைத் திராட்சை நாடுகளில் ஊருக்கு ஊர் கதை சொல்லும் ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே மக்கள் வண்டியோட்டிப் போவார்களாம். நீங்கள் இந்தப் பக்கத்தை எடுத்துச் செல்லுங்கள். வண்டியோட்டாத ஒருவர் உரக்க வாசிக்கட்டும்.

உத்தமபாளையம் வந்ததும் ஆற்றைப் பாருங்கள். முல்லைப் பெரியாற்று நீர் அது. தன்போக்கில் மேற்கே மலையாளக் கடலுக்குப் போகவேண்டியதை அணையால் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பினார்கள். பென்னிகுயிக் என்னும் பொறியாளர் முன்னின்று நடத்திய அவ்வேலை 1895-ல் நிறைவேறியது. மலைக்காய்ச்சலில் மாண்ட கூலியாட்கள் அநேகர். அவர்களுக்காக ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறைந்த மந்திரமும் சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள்.

இனித் திராட்சை. வேதாகமத்தில் நம் பாட்டன்மார் முந்திரிகைச் செடி என்று வாசித்தது இதைத்தான். இப்பக்கத்துப் பன்னீர் திராட்சையை 1832-ல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் பிரஞ்சுக் குருவானவர் ஒருவர் என்று சொல்லப்படுகிறது. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குளிர்நாட்டில் இக்கொடி மாரிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி வசந்தத்தில் விழிக்கும். நம் நாட்டில் அதற்கு உறக்கமில்லை. சும்மா விட்டால் இலையும் கொடியுமாய்ப் பந்தலை மூடுமேயன்றிச் சரியாகக் காய்க்காது. ஆகவே விவசாயி கவாத்து செய்கிறான். வெட்டிய கொடியிலிருந்து புறப்படும் புதுத் துளிரில்தான் குலை தோன்றும். ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் பறிக்கலாம். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து மாதம் வேறுபடுவதால் அங்கே ஆண்டு முழுவதும் பழமுண்டு.

கவாத்து முடிந்த தோட்டம் ஒன்றிருந்தால் பிள்ளைகளை அங்கே நிறுத்துங்கள். பார்க்க அழகிராது. பந்தல் மொட்டையாயிருக்கும், வெட்டிய வாயில் நீர் சொட்டும். அர்ச். அருளப்பர் 15-ம் அதிகாரத்தில் சேசுநாதர் சொல்வதை அப்போது நினைவூட்டுங்கள். கனி கொடாத கொடியைப் பிதாவானவர் அறுத்துப் போடுகிறார். கனி கொடுக்கிற கொடியையோ இன்னும் கொடுக்கும்படி கழிக்கிறார். இரண்டிலும் கத்தி ஒன்றே. நாள் தவறாமல் பூசைக்கு வரும் என் வீட்டில்தானா இந்த நோய், இந்தச் சாவு என்று கேட்கும் தாய்மார் நம் பங்கில் உண்டு. அம்மா, உங்களை அறுத்துப் போடவில்லை. விவசாயி கொடியைக் கிளை கிளையாய்க் கையில் பிடித்துப் பார்ப்பது கவாத்து நாளில்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். திராட்சை நாடு என்றதும் புட்டியை நினைக்கும் ஆண்கள் உண்டு. கானாவூர்க் கலியாணத்தில் ஆண்டவரே இரசம் உண்டாக்கவில்லையா என்று நியாயமும் பேசுவார்கள். நம் திண்டிவனத்துக்கு அடுத்த மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் நடந்ததை மறந்தீர்களா? மறு ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் மாண்டவர்கள் அறுபது பேருக்கு மேல். நாங்கள் குடிப்பது முத்திரை வைத்த கடைச்சரக்கு என்பீர்கள். பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்தை விழுங்குவது அதுவுந்தானே! கானாவூரில் கலியாண வீட்டார் தலைகுனியக் கூடாதென்று தேவமாதா பரிந்து பேசினார்கள். நம் வீடுகளில் குடியால் தலைகுனிந்து நிற்பவள் தாய். முகமறியாத கைப்பேசிக் குரல் திரும்பு என்றால் உடனே திரும்புகிறவர், பதினைந்து ஆண்டு கூட வாழ்ந்தவள் வேண்டாம் என்றால் ஏன் திரும்புவதில்லை?

ஆகவே வண்டியில் புட்டி ஏறக்கூடாது, ஓட்டுநருக்கும் வாங்கிக் கொடுக்கக் கூடாது. திராட்சை இரசம் காண விரும்பினால் பீடத்தில் காணுங்கள். கனியின் இயல்பான, கெடாத இரசமே பூசைக்காகும் என்பது திருச்சபைச் சட்டம். ஞாயிறு அங்கே தங்குவதானால், இராயப்பன்பட்டியில் நம் கத்தோலிக்கர் ஏராளம். பூசை நேரத்தை முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். தோட்டம் பார்ப்பது பூசைக்குப் பிறகு.

பழத்தை நன்றாகக் கழுவித் தின்னுங்கள், மருந்தடித்திருப்பார்கள். குடும்பத்துக்கு இரண்டு கிலோ கூடுதலாக வாங்கி வந்தால், கோயிலுக்கு வரமுடியாத நம் நோயாளிகளுக்குத் திங்கட்கிழமை நற்கருணை கொண்டுபோகும்போது உடன் கொண்டுபோவோம்.

உங்கள் பங்குக் குரு