வேலிக்குள் இருந்த ஒப்புரவு

தகாஷி யமசாகியின் ‘ஆல்வேஸ்: மூன்றாம் தெருவின் அந்தி’ (2005) என்ற ஜப்பானியப் படம் 1958ஆம் ஆண்டின் தோக்கியோவைக் காட்டுகிறது. ஒரு வீட்டுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தால் தெருவே அங்கே கூடுகிறது. போரில் பெற்ற காயங்களும் அதே தெருவில்தான் குடியிருக்கின்றன. அந்தக் காலத்து மலாயாவின் நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களைப் பற்றி நம் முதியவர்களும் இதே ஏக்கத்தோடுதான் பேசுகிறார்கள்: “அப்போ எல்லாரும் ஒண்ணுமண்ணா இருந்தோம்.” போக வேறு வழியில்லாதவர்கள் சேர்ந்து வாழ்ந்ததை அறம் என்று சொல்லலாமா? இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. லயம் எனும் வரிசை வீடு கம்பெனியுடையது, வேலை போனால் வீடும் போகும். 1948இல் அவசரகாலம் வந்தபின் பல தோட்டங்களில் தொழிலாளர்களை ஒரே இடத்தில் குவித்து முள்வேலி போட்டார்கள்.

ஆனால் வேலி மனிதர்களை நெருக்கிவைக்கும், அவ்வளவுதான். அந்த நெருக்கத்தில் சண்டையும் விளையும். கள்ளுக்கடை வாசலில் விளையவும் செய்தது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடும் தாயின் பிள்ளை ஆயாக்கொட்டகைக்குப் போக முடியாதபடி காய்ச்சலில் கிடந்தால், பக்கத்து வீட்டுக் கிழவி அதை மடியில் போட்டுக்கொள்வாள். பழைய லயங்களில் நடுச்சுவர் கூரைவரை எட்டாது. இருமல் சத்தம் இரவே அவள் காதில் விழுந்திருக்கும். காதில் விழுவது அவள் கையில் இல்லை. எழுந்து போவது அவள் முடிவு. கிராணி எழுதும் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அதற்குப் பேர் விழாது. இப்படிப் பிறருக்கு உதவி வாழ்வதே ஒப்புரவு. வள்ளுவர் ஈகைக்கு முன்பே அதற்குத் தனி அதிகாரம் வைத்து, வசதி சுருங்கிய காலத்திலும் அதில் தளராதவர்களைப் பேசுகிறார். ஜப்பானிய ராணுவம் ஆண்களைச் சயாம் ரயில்பாதைக்கு இழுத்துச் சென்று, மிஞ்சியவர்கள் மரவள்ளிக்கிழங்கில் உயிர் வாழ்ந்த ஆண்டுகளைவிடச் சுருங்கிய காலம் எது? அறத்துக்கு வசதி முன்நிபந்தனை என்றால் ஏழைகளுக்கு அறமே கிடையாது என்றாகிவிடும். அதை நான் ஏற்கமாட்டேன்.

இப்படிப் புகழ்வது கம்பெனியைத் தப்பவிடுவதாகாதா என்று கேட்கலாம். கம்பெனி செய்யாததை அண்டை வீட்டார் செய்தார்கள் என்பது கம்பெனி மீதான குற்றச்சாட்டுதான். அண்டை வீட்டார் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை பொறுத்துக்கொள்வதோடு நின்றுவிடவுமில்லை. அது 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கு வலு சேர்த்தது. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, அவற்றை வாங்குவதற்காக 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பத்துப் பத்து வெள்ளியாகப் போட வைத்ததும் அதுதான். இன்று நீலாய், லாபு பக்கத்துத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. எஞ்சியிருக்கும் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு, யாரும் கட்டாயப்படுத்தாமலே பழைய குடும்பங்கள் திரும்பி வருகின்றன.

எனக்குக் கடினமான மறுப்பு சாதிதான். எந்த லயத்தில் யார் என்பதைச் சாதி பார்த்துப் பிரித்த தோட்டங்கள் இருந்தன. கோயில் காரியங்களிலும் அந்தக் கோடு தெரிந்தது. அந்தக் கோட்டைத் தாண்டாத உதவியை ஒப்புரவு என்று என்னால் ஏற்க முடியவில்லை. “ஒண்ணுமண்ணா இருந்தோம்” என்பவர்களிடம், கடைசி லயத்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது அதை யார் மடியில் போட்டுக்கொண்டார்கள் என்றும் கேட்க வேண்டும். அதற்கான பதில் தோட்டத்துக்குத் தோட்டம், வீட்டுக்கு வீடு மாறும்.