திறமை மட்டும் போதுமா?

ஒரு கேள்வி. கெட்டிக்காரர்கள் மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் நல்ல குழு அமைந்துவிடுமா? இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு 'கிரீம்' இசைக்குழுதான் ஞாபகத்துக்கு வரும்.

1966-இல் லண்டனில் உருவான ராக் குழு அது. எரிக் கிளாப்டன் கித்தார், ஜாக் புரூஸ் பாஸ் கித்தாரும் பாட்டும், ஜிஞ்சர் பேக்கர் டிரம்ஸ். மூவருமே அன்றைக்கு முன்வரிசைக் கலைஞர்கள். பாலாடையைக் குறிக்கும் பெயரை வைத்ததும் அந்தப் பெருமையில்தான். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் பாடல்களை எடுத்து, மேடையில் கால்மணி நேரம்கூட விரித்து வாசிப்பார்கள். மூன்றே பேர், ஒருவர் தடுமாறினால் மறைக்க நான்காவது ஆள் கிடையாது. பின்னால் வந்த எத்தனையோ ராக் குழுக்களுக்கு இந்த அமைப்பு முன்மாதிரியானது.

ஆனால் புரூஸுக்கும் பேக்கருக்கும் ஏற்கெனவே ஆகாது. முந்தைய குழுவிலிருந்து புரூஸை வெளியேற்றியவரே பேக்கர்தான். அவரைச் சேர்த்தே ஆகவேண்டும் என்றவர் கிளாப்டன். சண்டை ஓயவில்லை. ஒருவர் சத்தத்தைக் கூட்டினால் அடுத்தவரும் கூட்டுவார். பொறியியல் படிக்கிற எனக்கு இது நல்லாவே புரியும்: கட்டுப்பாடில்லாமல் ஏறிக்கொண்டே போகும் எந்த அமைப்பும் ஒருநாள் கவிழும். ஒரு கச்சேரியில் கிளாப்டன் பாதியில் வாசிப்பதை நிறுத்திவிட்டாராம். மற்ற இருவரும் கவனிக்கவே இல்லையாம்! 1968 நவம்பர் 26-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் விடைபெற்றார்கள். இரண்டரை ஆண்டுகூட நிலைக்கவில்லை.

"உரசல் இருந்ததாலதானே தீப்பொறி பறந்தது?" என்று சிலர் கேட்பார்கள். நான் ஒத்துக்கமாட்டேன். அவர்களுடைய நல்ல பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். கித்தார் ஒன்று சொல்லும், பாஸ் அதற்குப் பதில் சொல்லும், டிரம்ஸ் இரண்டையும் தூக்கிக்கொண்டு போகும். ஒருவரை ஒருவர் காதுகொடுத்துக் கேட்டதால் வந்த அழகு அது. கேட்பது நின்றபோதும் விரல்களின் திறமை குறையவில்லை. ஆனால் சத்தம்தான் மிஞ்சியது.

2005-இல், அறுபதும் அதற்கு மேலுமான வயதில், அதே மண்டபத்தில் மீண்டும் நான்கு இரவுகள் சேர்ந்து வாசித்தார்கள். தனித்தனியாக எவ்வளவோ சாதித்தவர்கள்தான். ஆனாலும் மூவரும் சேர்ந்தால் பிறக்கும் இசை எவர் ஒருவருக்கும் சொந்தமில்லையே!

அடுத்தவர் கைவிட்டதுகூடத் தெரியாத அளவுக்கு நம் வேலையிலேயே மூழ்கிக் கிடப்பதை உழைப்பு என்கிறோம். எனக்கு அதுவும் ஒருவகை அகந்தையாகத்தான் படுகிறது. நம்ம குழுக் கூட்டங்களிலும் இது நடக்கிறது. இனி, நாம் எவ்வளவு நன்றாகப் பேசினோம் என்று எண்ணிப் பார்க்கும் முன், பாதியில் மௌனமாகிப்போனவர் யார் என்று கவனிப்போமா?