பதினைந்தாவது மட்டை

ஒருவன் செய்த பிழையின் கனத்தை எதைக் கொண்டு நிறுப்பது? அவன் மனத்தில் இருந்த அசட்டையைக் கொண்டா, அதனால் விளைந்த நஷ்டத்தைக் கொண்டா? தத்துவம் படித்தவர்கள் இதைப் பெரிய புத்தகங்களில் விசாரித்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கேள்வி கோல்ஃப் என்ற பணக்கார விளையாட்டின் வழியாக வந்து சேர்ந்தது. நான் அந்த ஆட்டம் ஆடியவன் அல்லன். ஆடும் உத்தேசமும் இல்லை. ஆனால் மனிதர்கள் எங்கே மாட்டிக்கொண்டு விழிக்கிறார்கள் என்று பார்ப்பதில் கதை எழுதுகிறவனுக்கு ஒரு தீராத ஆசை உண்டு.

இங்கே விழித்தவர் இயன் உஸ்னம். வேல்ஸ்காரர். 1958-இல் அவர் பிறந்த ஆஸ்வெஸ்ட்ரி என்ற ஊர் என்னவோ இங்கிலாந்தின் எல்லைக்குள் இருக்கிறது. தாய் தந்தையர் வேல்ஸ்காரர்களாதலால் அவரும் வேல்ஸ்காரராகவே வளர்ந்தார். சிறு வயதில் அவர் ஆடிய மைதானமே ஒரு வேடிக்கை. அதன் 18 குழிகளில் 15 வேல்ஸில் இருக்கின்றன, 3 இங்கிலாந்தில். நான்காவது குழிக்கு வேல்ஸில் நின்று பந்தை அடித்து, இங்கிலாந்தில் போய் முடிக்க வேண்டும்! குடும்பத்துக்குப் பண்ணைத் தொழில். உயரம் 5 அடி 4½ அங்குலம்தான். ஆனாலும் வைக்கோல் கட்டுத் தூக்கி உரமேறிய தோள்கள். 1976-இல் ஆட்டத்தையே பிழைப்பாக ஏற்றுக்கொண்டார். ஆரம்ப வருஷங்களில் விடுதிக்குக் காசில்லாமல் ஒரு வண்டியிலேயே படுத்து, டப்பா அவரையை அதிலேயே சுடவைத்துத் தின்று, ஐரோப்பாவைச் சுற்றினார். முதல் பெரிய வெற்றி 1982-இல் ஸ்விட்ஸர்லாந்தில் கிடைத்தது. 1991-இல் உலக வரிசையில் முதலிடம். அதே ஏப்ரலில் அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் பந்தயத்தையும், கடைசிக் குழியில் வெற்றி தோல்வி தொங்கிக் கொண்டிருக்க, ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் ஜெயித்தார்.

இந்தப் புகழையெல்லாம் வேகமாகச் சொல்லிக்கொண்டு போகிறேன். என்னைப் பிடித்து நிறுத்துவது பத்து வருஷம் கழித்து நடந்தது.

2001 ஜூலை 22, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டிஷ் ஓபன் பந்தயத்தின் கடைசி நாள். இடம், இங்கிலாந்தின் மேற்குக் கரையில் உள்ள ராயல் லிதம் மைதானம். உஸ்னத்துக்கு வயது 43. அந்தப் பந்தயத்தை அவர் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. மூன்று நாள் ஆட்டம் முடிந்தபோது முதலிடத்தில் சமமாக நின்ற நால்வரில் அவரும் ஒருவர். நாலாம் நாள் முதல் குழியில் அவர் அடித்த பந்து குழிக்குச் சில அங்குலம் தள்ளிப் போய் நின்றது. 3 அடியில் முடிக்க வேண்டியதை 2 அடியில் முடித்தார். இரண்டாவது குழிக்கு நடந்தார். அங்கேதான், அவருடைய மட்டைகளைச் சுமந்து வரும் உதவியாளர் அந்தச் செய்தியைச் சொன்னார்: பையில் ஒரு மட்டை கூடுதலாக இருக்கிறது.

கோல்ஃப் சட்டப்படி ஓர் ஆட்டக்காரர் 14 மட்டைகளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. 1930-களில் சிலர் இருபதுக்கும் மேற்பட்ட மட்டைகளோடு வரத் தொடங்கியதால் பிறந்த சட்டம் இது. அமெரிக்காவில் 1938-இலும் பிரிட்டனில் 1939-இலும் அமலுக்கு வந்தது. மீறினால் 2 அடி அபராதம். கூடுதல் மட்டையைத் தொட்டாயா, அதனால் லாபம் அடைந்தாயா என்றெல்லாம் சட்டம் கேட்பதில்லை. பையில் இருந்ததா? இருந்தது. தீர்ந்தது விவகாரம். காலையில் பயிற்சியின்போது உஸ்னம் நீளமான மட்டைகள் இரண்டை மாற்றி மாற்றிச் சோதித்துப் பார்த்தார். வேண்டாததை எடுத்து வைக்க மறந்துபோயிற்று. நடுவரிடம் அவரே தெரிவித்தார். 2 அடி 4 அடியாயிற்று. மட்டையைப் பிடுங்கிப் புல்லில் எறிந்தார். அடுத்த சில குழிகளில் மேலும் 2 அடி போயிற்று. பிறகு சமாளித்துக்கொண்டு, முடிவில் வேறு சிலரோடு மூன்றாம் இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டார். அபராதம் இல்லாமல் அதே கணக்கு வந்திருந்தால் தனியாக இரண்டாம் இடம். பரிசுப் பணத்தில் மட்டும் வித்தியாசம் ஏறத்தாழ 2,18,000 பவுன்.

இதில் யாரும் கவனிக்காமல் தாண்டிவிடக்கூடிய ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. பிரிட்டிஷ் ஓபன் நடக்கும் மைதானங்களில், முதல் குழியே குட்டையாக அமைந்தது லிதம் ஒன்றுதான். மற்ற மைதானமாக இருந்தால், முதல் அடிக்கே அந்த நீள மட்டையைத் தேடிக் கை பைக்குப் போயிருக்கும். ஆட்டம் தொடங்கும் முன்பே, ‘அட, இங்கே இரண்டு இருக்கிறதே!’ என்று சிரித்துவிட்டு ஒன்றை எடுத்துப் போட்டிருப்பார்கள். சிரிப்புக்கும் இரண்டு லட்சம் பவுனுக்கும் நடுவே நின்றது, யாரோ என்றோ ஒரு குழியை எங்கே வெட்டினார்கள் என்பதுதான்.

நம் வீடுகளில் நடக்காததா? இரண்டு பெண்கள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் நின்று பேசுகிறார்கள். ஒரு வீட்டில் பால் பொங்கி வழிகிறது. மற்ற வீட்டில் காற்றில் திரைச்சீலை பறந்து வந்து தீப்பிடிக்கிறது. அசட்டை இரண்டு பேருக்கும் ஒரே அளவுதான். முதல் வீட்டில் அடுப்பைத் துடைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். இரண்டாவது வீட்டுக்காரியை ஆயுசு முழுதும் சொல்லிக் காட்டுகிறோம். காற்று செய்த வேலையையும் சேர்த்து அவள் கணக்கில்தான் எழுதுகிறோம்.

உஸ்னம் அப்படி எழுதவில்லை. அன்று மாலை பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டபோது, அந்த உதவியாளரை வேலையை விட்டு நீக்கப் போவதில்லை என்றார். நல்ல பையன், இனி இந்தத் தப்பைச் செய்யமாட்டான் என்றார். இதைத் தயாள குணம் என்று பலர் புகழ்ந்தார்கள். எனக்கென்னவோ அது தயாளத்தைவிடக் கணக்குச் சுத்தமாகவே படுகிறது. மறதிக்கு எவ்வளவோ, அதை மட்டும் அந்தப் பையன் தலையில் வைத்தார். மைதானம் செய்ததை மைதானத்துக்கே விட்டுவிட்டார். தவிரவும், ஆட்டக்காரரின் பைக்கு ஆட்டக்காரரே பொறுப்பு என்பதுதான் சட்டத்தின் நோக்கு. என் நாவலில் அச்சகத்தார் ஒரு பக்கத்தை இடம் மாற்றி வைத்துவிட்டால் வாசகர் அச்சகத்துக்கா கடிதம் எழுதுகிறார்? எனக்குத்தான் எழுதுகிறார். அட்டையில் என் பெயர் இருக்கிறது, வேறென்ன!

உதவியாளரின் நேர்மையை மெச்சியும் சிலர் எழுதினார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். இரண்டாவது குழியில் நீள மட்டை தேவைப்படும்; பையைத் திறந்தால் இரண்டும் கண்ணில் பட்டே தீரும். மறைக்க வழி இருந்தும் சொன்னான் என்றால் அது ஒரு கதை. இங்கே அந்த வழி அநேகமாக இல்லை. ஆயினும் அந்தச் சில அடி தூரத்தை, சொல்ல வேண்டிய வாக்கியத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு நடந்தானே, அந்த நடையை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

கதை இதோடு முடிந்திருந்தால் நீதிக் கதையாக இருந்திருக்கும். இரண்டு வாரம் கழித்து, ஸ்வீடனில் ஒரு பந்தயத்தின் கடைசி நாள் காலை, அதே உதவியாளர் தூங்கிவிட்டார். நேரத்துக்கு வந்து சேரவில்லை. உஸ்னத்தின் காலணி இருந்த அலமாரியை உடைத்துத் திறக்க வேண்டியதாயிற்று. வேறு யாரையோ பை சுமக்கச் சொல்லி அவர் ஆடினார். உதவியாளரின் வேலை போயிற்று.

வழக்கறிஞரான என் நண்பர் இதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “லட்சக்கணக்கில் நஷ்டம் வந்தபோது மன்னித்தார், ஒரு பூட்டு உடைந்ததற்கு நீக்கிவிட்டாராக்கும்!” என்றார். நான் சிரிக்கவில்லை. முதலாவது, பரபரப்பான காலையில் யாருக்கும் நேரக்கூடிய மறதி. இரண்டாவது, அப்படி ஒரு மறதிக்குப் பின் மனிதனுக்கு இருக்க வேண்டிய கவலை அவரிடம் இல்லை என்பதற்கு அடையாளம். நஷ்டம் சிறிதானாலும் பிழை பெரிது. ஜூலையில் எந்தத் தராசில் நிறுத்தாரோ, ஆகஸ்டிலும் உஸ்னம் அதே தராசில்தான் நிறுத்தார்.

நண்பர் விடவில்லை. “அதெல்லாம் உம்முடைய கற்பனை. ஜூலையில் அடக்கிய கோபம் ஆகஸ்டில் வெளியே வந்தது, அவ்வளவுதான்” என்றார். கோர்ட்டில் முப்பது வருஷம் மனிதர்களைப் பார்த்தவர். நான் காகிதத்தில்தான் பார்க்கிறேன். இருந்தாலும் அவர் சொன்னதற்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை.