வழியும் சொற்கள்

'ரொம்ப வழியாதே' என்கிறோம். ஒருவரைக் கண்டதும் குழைந்து, உருகி, 'அண்ணே, உங்களை மாதிரி உண்டா' என்று கொட்டுகிறவருக்கு உடனிருப்பவர் சொல்லும் வார்த்தை அது. ஐஸ் வைப்பவருக்குக் காரியம் ஆக வேண்டும். வழிகிறவருக்கு அதுகூட இருக்காது. அன்புதான், அளவு தெரியாத அன்பு.

*

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளில் கிளேஸும் வழியும். பொம்மை மேல் பூசிய கிளேஸ் சுமார் 1,200 டிகிரி சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும். கனமாகப் பூசினால் கீழே இறங்கும். கண், மூக்கு, மடிப்பு எல்லாம் மழுங்கும். அடிவரை வந்துவிட்டால் பொம்மை சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்; பெயர்த்தால் உடையும். அதனால் அடிப்பாகத்தைத் துடைத்துவிட்டே சூளையில் ஏற்றுவார்கள். மிகைப்புகழிலும் முதலில் மறைவது முகம்தான். ஆளை மாற்றிப் போட்டாலும் அதே வாசகம் பொருந்தும்.

*

இந்த ஊரில் அம்மனே ஒருமுறை பாட்டைத் திருத்தச் சொன்னாளாம். பசியோடு வந்த குரு நமசிவாயர், விருத்தாம்பிகையைக் கிழத்தி என்று பாடிச் சோறு கேட்டார். கிழவியாகவே வந்து நின்றவள், 'கிழவியால் சோறு சுமந்து வர முடியுமா?' என்றாள். இளமையாகப் பாடினார். இளம்பெண்ணாக வந்து சோறிட்டாள். அந்த இளம் வடிவான பாலாம்பிகைக்கும் கோயிலில் சந்நிதி இருக்கிறது. மெய்யே ஆனாலும் இதமாகச் சொல்ல வேண்டிய இடம் உண்டு.

*

தேவாரம் பாடிய சுந்தரரும் இந்த ஊரில் பாடி 12,000 பொன் பெற்றார். மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். எடுத்ததை, முன்பே அந்தப் பொன்னிலிருந்து வெட்டி வைத்திருந்த துண்டோடு உரைத்துப் பார்த்தார், மாற்றுக் குறைந்திருந்தது. மறுபடி பாடிய பிறகே சரியானது என்கிறது பெரியபுராணம். சிவன் தந்த பொன்னையும் சோதித்தவர் அவர். திருப்புகலூர்ப் பதிகத்தில், கஞ்சனை வள்ளல் பாரியாக்கிப் பாடும் புலவர்களைப் பார்த்து, அதனால் ஒன்றும் கிடைக்காது என்றும் சொல்லிவிட்டார்.

*

பாராட்டு விழாக்களில் 'இமயம்', 'சிகரம்', 'கடல்' என்று அடுக்குகிறார்கள். அந்த மனிதர் என்ன செய்தார் என்பது கடைசிவரை வராது. யாரையாவது பாராட்ட நினைத்தால், அவர் செய்த காரியம் ஒன்றைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். அப்படி ஒன்று நினைவுக்கு வராவிட்டால், வணக்கம் போதும்.