மீட்க இயலாச் செயலும் மண்ணின் அறமும்

ஒரு செயலின் நன்மை தீமையை அதனைச் செய்தவனின் நோக்கத்தைக் கொண்டு அளப்பதா, விளைவைக் கொண்டு அளப்பதா என்பது அறவியலின் பழைய வினா. இவ்விரு அளவைகளுக்கும் முழுமையாக அடங்காத செயல்களும் உள. ஒருமுறை கைநழுவியபின் செய்தவனாலேயே திரும்ப அழைக்க முடியாதவை அவை. புத்தளம் மாவட்டக் கரையோர மண்ணை முன்வைத்து அத்தகைய செயல்களைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடலுக்கும் களப்புக்கும் இடையே கிடக்கும் கற்பிட்டிக் குடாநாடு மணற்பாங்கானது. மணலின் கீழ் உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீரே அங்குள்ள தோட்டங்களின் உயிர். மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியன அம்மண்ணில் விளைவது உழவனின் உழைப்பினாலாகும். இவற்றுள் மிளகாயும் உருளைக்கிழங்கும் புகையிலையும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. ஆகவே, அந்நியமாயிருத்தல் ஒரு தாவரத்தின் குற்றமன்று. இப்பயிர்கள் மனிதன் நீர் வார்க்கும்வரை வாழ்கின்றன. அவன் கைவிட்டால் மறைகின்றன. அவனது பொறுப்பின் எல்லையை அவை மீறுவதில்லை.

ஆகாயத்தாமரையின் கதை வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் மலரழகு கருதி அது இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. 1909ஆம் ஆண்டிலேயே அதனைத் தடுக்கச் சட்டம் இயற்ற நேர்ந்தது. சட்டம் வந்தும் செடி ஒழியவில்லை. குளங்களை மூடியும் வாய்க்கால்களை அடைத்தும் வயலுக்குச் செல்லும் நீரை அது இன்றும் மறிக்கின்றது. தென்கரையில் அம்பாந்தோட்டைப் பகுதிக்கு 1950களில் வந்த சீமைக்கருவேலோ மண்ணைத் திருத்தும் நன்னோக்குடன் நடப்பட்டது. அதன் காய்களைத் தின்ற கால்நடைகள் விதையைச் சாணத்தோடு பரப்பின; வெட்டிய அடிக்கட்டையும் மீண்டும் தளிர்த்தது. அழகுணர்வும் நன்னோக்கும் இங்கு எவரையும் காக்கவில்லை.

விதை தன் உயிரினால் பெருகுகின்றது; பிளாஸ்டிக்கோ மடியாமையினால் பரவுகின்றது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிப் பின்னர் மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் குருணிகள் இருந்தன. நீரோட்டம் அவற்றைப் புத்தளம் மாவட்டக் கரைகளிலும் ஒதுக்கியது. மணலோடு கலந்த குருணியைச் சலித்தேனும் எடுக்கலாம். தோட்டத்தில் விடப்பட்ட பொலித்தீன் வெயிலில் நொறுங்கித் துகளானபின் அதுவும் இயலாது. அத்துகள்கள் மண்ணின் இறுக்கத்தையும் நீர் தாங்கும் தன்மையையும் மாற்றுகின்றன. 2020இல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்றில், பிளாஸ்டிக் இழைகள் கலந்த மண்ணில் புல்வெளித் தாவரங்கள் ஒன்றாக வளர்க்கப்பட்டன. மொத்த வளர்ச்சி குன்றவில்லை, கூடியது. ஆயினும் செடிகளுக்கிடையே இருந்த சமநிலை மாறி, ஆக்கிரமிக்கும் இயல்புள்ள புல்லொன்று மேலோங்கியது. தீங்கு எப்போதும் வாடிய பயிராகவே கண்ணுக்குத் தோன்றுவதில்லை என்பதை இது உணர்த்துகின்றது. நாம் இருவேறாகக் கருதிய கேடுகளுள் ஒன்று மற்றதற்கு வழிவிடவும் கூடும்.

உழவனும் பொலித்தீனைப் பயன்படுத்துகின்றானே, அவனுக்குப் பொறுப்பில்லையா எனக் கேட்கலாம். உண்டு. எனினும் பொறுப்பு அனைவர்க்கும் சமமன்று. உரமும் விதையும் பொலித்தீன் பையிலன்றிக் கிடைக்காதபோது அவன் தெரிவு மிகச் சிறியது. அப்பையை ஆக்குவோனுக்கும், விற்போனுக்கும், அதனை மீளச் சேகரிக்க வழிசெய்யாத அரசுக்கும் தெரிவு பெரிது. தெரிவு எத்துணை பெரிதோ, பொறுப்பும் அத்துணை பெரிது.

2025 யூலை 24ஆம் திகதி இலங்கை உயர் நீதிமன்றம், கப்பல் தரப்பினர் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு வழங்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அது நீதியின் பாற்பட்டதே. ஆயின் இழப்பீடு செயலுக்குப் பின் வருவது. மண்ணிற் கலந்ததை அது பிரித்தெடுக்காது. எனவே, அறம் செயலுக்கு முன்னரே இரு வினாக்களை எழுப்புதல் வேண்டும். இதனை நான் திரும்ப அழைக்க இயலுமா? இயலாதெனின், இதன் சுமையைத் தாங்கப்போகின்றவன் இதற்கு இசைந்தானா? கற்பிட்டித் தோட்டக்காரனை அவ்வாறு எவரும் கேட்டதில்லை. அவனுக்குப்பின் அம்மண்ணில் பயிரிடப்போகின்றவர்கள் இன்னும் பிறக்கவேயில்லை. அவர்களிடம் இசைவு பெற வழியில்லாமையால், மீட்க இயலாததைச் செய்யாதிருத்தலே அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய நீதியாகும்.