போலச் செய்தலும் அளவுகோலும்

பிற உயிர்களினும் மிகுதியாகப் போலச் செய்பவன் மனிதன் என்றும், முதற் கல்வியை அவன் அவ்வழியே பெறுகிறான் என்றும் கூறினார் அரிஸ்டாட்டில். தாய் கைதட்டச் சேய் கைதட்டுவதை எவ்வீட்டிலும் காணலாம். அங்ஙனமாயின், பார்த்தும் செய்யாத குழந்தையைப் பற்றி நாம் என்ன முடிவுக்கு வருவது?

1943-இல் 11 குழந்தைகளைக் கூர்ந்து நோக்கி ஆட்டிசம் என்னும் நிலையை விரித்துரைத்த மருத்துவர் லியோ கானர், கேட்ட சொற்களை அவ்வண்ணமே திருப்பிச் சொல்லும் இயல்பையும் அவர்களிடையே கண்டார். சொல்லைப் போலச் சொல்லும் குழந்தை செயலைப் போலச் செய்யத் தயங்குவதும் உண்டு. இத்தயக்கத்தை அளக்க வெண்டி ஸ்டோனும் உடனாய்வாளரும் 1997-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். அதில் 16 செயல்கள். பாதி, பொம்மை முதலியவற்றைக் கையாள்வன. பாதி, வெறும் உடலசைவுகள். செவ்வனே செய்தால் 2, ஓரளவு செய்தால் 1, செய்யாவிடில் 0. ஆட்டிசமுடைய குழந்தைகள் குறைந்த மதிப்பெண்ணே பெற்றனர். எனினும் உடலசைவுகளைவிடப் பொருள்களைக் கையாளும் செயல்கள் அவர்களுக்கு எளிதாயிருந்தன.

இங்கேதான் சிந்தனைக்கு இடமிருக்கிறது. அந்தச் சுழியத்தின் பொருள் யாது? குழந்தை கவனிக்கவில்லையா? கவனித்தும் கை ஒத்துழைக்கவில்லையா? அன்றி, 'இதை நான் ஏன் செய்யவேண்டும்?' என்று விட்டுவிட்டதா?

2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நினைவுகூரத் தக்கது. உள்ளிருப்பது தெரியும் கண்ணாடி போன்ற பெட்டியிலிருந்து பரிசை எடுக்கும் முறையைச் செய்து காட்டியபோது, சிம்பன்சிகள் வேண்டாத படிகளை விலக்கின; மனிதக் குழந்தைகளோ அவற்றையும் பெரும்பாலும் விடாமல் செய்தனர். பயன் கருதினால் குரங்கே தேர்ச்சி பெறும். ஆகவே போலச் செய்தல் அறிவின் வேலை மட்டுமன்று. செய்து காட்டுபவரிடம் கொள்ளும் உறவும் அதில் கலந்திருக்கிறது என்று கருத இடமுண்டு. உறவை ஒருவரிடத்தில் மட்டும் அளக்க இயலுமோ?

அளவையே கூடாதென்பது என் கருத்தன்று. எங்கே உதவி வேண்டுமென்பதை அறிய அது துணை செய்யும். ஆயினும் கோப்புகளிடையே வாழும் என்போன்றோர் அறிவோம்: ஏட்டில் ஏறிய எண் நிலைக்கும், அது பிறந்த சூழல் மறக்கப்படும். சுழியம் அந்த ஒரு பொழுதின் செய்தியே, குழந்தையின் மதிப்பன்று.

புரூக் இங்கர்சால் வகுத்த பயிற்சியில் குழந்தை செய்வதைப் பெரியவரும் போலச் செய்கிறார். குழந்தை பொம்மையை உருட்டினால் அவரும் உருட்டுகிறார். பின்னரே தாம் ஒன்றைச் செய்து காட்டுகிறார். நம்மைப் போல ஆகவில்லையே எனக் குழந்தையை நோகுமுன், ஒரு கணமேனும் அதனைப் போல நாம் ஆனோமா என்று கேட்டுக்கொள்வது முறையாகும்.